குரோமைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? – வாசகர் கேள்வி பதில்

பிரவுசர் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வயலுக்கு வோட்டர் பம்ப் வாங்குவதற்காகக் குரோமில் இரண்டு கடைகளின் விலை பார்த்தேன். அன்று தொடக்கம் பேஸ்புக்கைத் திறந்தாலும் பம்ப், செய்தி வாசிக்கப் போனாலும் பம்ப். கனடாவில் இருக்கிற தம்பி, "குரோமைத் தூக்கிப்போட்டுவிட்டு பயர்பொக்ஸ் போடுங்கோ அண்ணை" என்கிறான். போட்டால் நின்றுவிடுமா? குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் என்ன ஆகும்?
– வட்டக்கச்சி

பாதி நிற்கும். மீதிப் பாதிக்குப் பிரவுசர் பொறுப்பில்லை.

நீங்கள் விலை பார்த்த கடையின் பக்கத்தில், கடைக்காரர் பேஸ்புக்கிடமும் கூகுளிடமும் வாங்கிப் போட்ட சிறு நிரல்துண்டுகள் இருக்கும். பக்கம் திறந்தவுடன் அவை உங்கள் பிரவுசரில் ஓர் அடையாளத்தை எழுதிவைக்கும். அதுதான் மூன்றாம் தரப்புக் குக்கி. அடுத்ததாக நீங்கள் போகும் செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் துண்டு இருந்தால், "பம்ப் பார்த்த ஆள் வந்திருக்கிறார்" என்று அதற்குத் தெரிந்துவிடும். ஐபோனில் வரும் சபாரி இந்தக் குக்கிகளை 2020 மார்ச்சிலிருந்து முழுதாக மறிக்கிறது. பயர்பொக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டிவைக்கிறது. கூகுளோ குரோமில் இவற்றை ஒழிப்பதாக 2020இல் சொன்னது, தவணை மேல் தவணை போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்திடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

மற்றப் பாதி உங்கள் கணக்கு. பயர்பொக்ஸுக்கு மாறிய பிறகும் அதற்குள் ஜிமெயிலில் நுழைந்தபடி கூகுளில் தேடினால், தேடியது உங்கள் கணக்கில் பதிவாகும். பேஸ்புக் செயலிக்குள் தட்டும் இணைப்புகளும் பயர்பொக்ஸுக்குப் போகாமல் பேஸ்புக்கின் உள்ளேயே இருக்கும் பிரவுசரில் திறக்கும். அங்கே பயர்பொக்ஸின் பூட்டு வேலை செய்யாது. இணைப்புத் திறந்ததும் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, வெளிப் பிரவுசரில் திறக்கும் தேர்வை அழுத்துங்கள்.

குரோமிலேயே செய்யக்கூடியவை இரண்டு. செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய் 'புளொக்' போடுங்கள். அடுத்தது கூகுள் கணக்கில், டேட்டா அன்ட் பிரைவசி பகுதியில், 'வெப் அன்ட் அப் அக்டிவிட்டி'. அதை முழுதாக நிறுத்தலாம்; அல்லது தானாக அழியும் காலத்தை 3 மாதம் என்று வைக்கலாம். 18, 36 மாதங்களும் அங்கே இருக்கும், 3ஐயே எடுங்கள்.

கடவுச்சொற்கள் எங்கும் போகாது. அவற்றை மாற்றுவது கணினியில்தான் சுகம். குரோமின் கூகுள் பாஸ்வேர்ட் மனேஜரில் செட்டிங்ஸுக்குப் போய் 'எக்ஸ்போர்ட்' செய்தால் சி.எஸ்.வி. கோப்பு ஒன்று வரும். பயர்பொக்ஸின் மூன்று கோடு மெனுவில் 'பாஸ்வேர்ட்ஸ்' திறந்து, அங்குள்ள மூன்று புள்ளியில் 'இம்போர்ட் புரொம் அ ஃபைல்' என்று அந்தக் கோப்பைக் கொடுங்கள். பிறகு போனிலும் கணினியிலும், பயர்பொக்ஸைச் செய்யும் மொசில்லாவின் ஒரே கணக்கில் நுழைந்தால் போனுக்கும் வந்துவிடும்.

பிழைக்கும் இடங்கள் இரண்டு உண்டு. அந்தச் சி.எஸ்.வி. கோப்புக்குப் பூட்டே இல்லை. நோட்பாட்டில் திறந்தால் எல்லாக் கடவுச்சொல்லும் வெளிச்சமாகத் தெரியும். ஏற்றி முடிந்த கையோடு அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்குங்கள். அதை வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டாவது, மொசில்லா கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் அங்கே சேமித்திருப்பதை மொசில்லாவாலும் மீட்டுத்தர முடியாது. திறவுகோல் உங்களிடம் மட்டும் இருப்பதால்தான் அது பாதுகாப்பு, அதனால்தான் ஆபத்தும். கணக்குத் தொடங்கும்போதே 'ரிக்கவரி கீ' எடுத்து, தாளில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள்.

குரோமைக் கழற்ற வேண்டாம். பல அன்ட்ரொய்ட் போன்களில் அதை முடக்கலாமே தவிரக் கழற்றவும் முடியாது. வாசிப்பு, தேடல், விலை பார்ப்பது எல்லாம் பயர்பொக்ஸில். வங்கி, அரசாங்கப் படிவம், ஜிமெயில் குரோமில். இரண்டு பிரவுசர் வைத்திருப்பது ஒரு சோலியும் இல்லை, பிரித்த அளவுக்குத் தடமும் பிரிந்துவிடும். தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார்: பயர்பொக்ஸும் தேவாலயம் அல்ல. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளைத் தேடுபொறியாக முன்வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் காசுதான்.

பிரேவ் பிரவுசர் போட்டேன். விளம்பரம் இல்லை, நல்ல கெதி. ஆனால் ஓர் அரசாங்கப் படிவத்தில் படம் தெரிவுசெய்யும் கப்சா வருவதே இல்லை. இன்னொரு தளத்தில் காசு கட்டும் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. பிரேவ் பிழையா, தளம் பிழையா?
– மல்லாவி

இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன, அதனால்தான் முட்டுகின்றன. கப்சாவும் காசு கட்டும் பகுதியும் அந்தத் தளத்துக்குச் சொந்தமானவை அல்ல. இன்னொரு நிறுவனத்திலிருந்து இழுத்து வந்து உள்ளே ஒட்டப்படுபவை. விளம்பரத் தடமும் அதே வழியாகத்தான் வருகிறது. வேலியை இறுக்கினால் இடைக்கிடை விருந்தாளியும் வெளியே நிற்க நேரும்.

முகவரிப் பட்டையில் உள்ள சிங்கமுகத்தைத் தட்டுங்கள். 'ஷீல்ட்ஸ்' ஆளியை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். பக்கம் தானாக மறுபடி ஏறும். வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். பயர்பொக்ஸில் தடம் மறிப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று வைத்திருப்பவர்களுக்கும் இதுவே. அங்கே கேடயம் போன்ற அடையாளத்தைத் தட்ட வேண்டும்.

காசு கட்டும் பக்கம் என்றால் ஓர் எச்சரிக்கை. 'பே' அழுத்திய பிறகு வெள்ளைப் பக்கம் வந்தால் உடனே மறுபடி முயலாதீர்கள். வங்கியின் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று பாருங்கள். காசு கழிந்து, பற்றுச்சீட்டுப் பக்கம் மட்டும் மறிபட்டிருக்கலாம். இரண்டு முறை கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதற்கு அலைவது பெரிய பாடு. இதற்காகவே கட்டண வேலைகளைத் தொடக்கத்திலிருந்தே மறிப்பு இல்லாத பிரவுசரில் செய்யச் சொல்கிறோம்.

கெதி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பிரேவும் மாசற்றது அல்ல. பயனர் தட்டச்சும் சில கிரிப்டோ தள முகவரிகளில் தன் தரகுக் குறியீட்டைச் சேர்த்தது 2020இல் பிடிபட்டு, அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கொமினிக்கேஷனில்தான் போடவேண்டும். வீட்டில் கணினி இல்லை. "இன்கொக்னிட்டோவில் திறந்தால் ஒன்றும் பதியாது" என்கிறார் கடைத் தம்பி. நம்பலாமா?
– ஒட்டுசுட்டான்

தம்பி சொல்வதில் பொய் இல்லை; போதாது, அவ்வளவுதான். வன்னியில் பெரும்பாலானோரின் விபரம் வெளியே போவது கூகுளின் வழியாக என்பதைவிட இந்தக் கடைக் கதிரையின் வழியாக என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

இன்கொக்னிட்டோ செய்வது, சாளரத்தை மூடியதும் குக்கியையும் போன தளங்களின் பட்டியலையும் அந்தக் கணினியிலிருந்து எடுப்பது மட்டும். போன தளத்துக்கும் இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கும் உங்களை அது மறைக்காது. கூகுளும் இன்கொக்னிட்டோவில் தடம் சேர்த்தது என்று 2020இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2024இல் சமரசமாகி, சேர்த்த பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. கடைக் கணினியில் விசைகளைப் பதியும் மென்பொருள் இருந்தால் இன்கொக்னிட்டோவுக்கு அது தெரியவும் தெரியாது.

எல்லாவற்றையும்விட, பதிவிறக்கிய கோப்பு அப்படியே கிடக்கும். பி.டி.எஃப். விண்ணப்பம், ஸ்கான் செய்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் அடுத்த வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும்.

செய்யவேண்டியது இது. இருந்தவுடன் கொன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பயர்பொக்ஸ் என்றால் என்னுக்குப் பதில் பி. ஏற்கெனவே ஓர் இன்கொக்னிட்டோ சாளரம் திறந்து கிடந்தால் முதலில் அதை மூடவேண்டும், ஏனென்றால் திறந்திருக்கும் எல்லா இன்கொக்னிட்டோ சாளரங்களும் ஒரே குக்கியைப் பங்குபோடும். முன்னவர் வெளியேறாமல் போயிருந்தால் நீங்கள் அவருடைய கணக்கில் நிற்பீர்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையே தட்டட்டும். 'சேவ் பாஸ்வேர்ட்' என்று கேட்டால் 'நெவர்'. முடிந்ததும் வெளியேறி, சாளரத்தை மூடி, 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலும் டெஸ்க்டொப்பிலும் உங்கள் கோப்புகளைத் தெரிவுசெய்து ஷிப்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டிலீட் ரீசைக்கிள் பின்னில் வைத்துவிடும்.

அடையாள அட்டைப் படத்தைக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பிப் பிரின்ட் எடுப்பது இங்கே வழக்கம். வேறு வழியில்லாமல் அனுப்பினால், கடையை விட்டு இறங்க முன் 'டிலீட் ஃபோர் எவ்ரிவன்' செய்யுங்கள். 2 நாளும் 12 மணித்தியாலமும் வரைதான் அந்த வசதி. கடைக் கணினியில் அவர்கள் இறக்கிவைத்த பிரதியை அது அழிக்காது. அதைக் கேட்டு அழிப்பிக்க வேண்டும். உங்கள் வட்ஸ்அப்பையே கடைக் கணினியில் இணைத்திருந்தால், போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து அதை வெட்டிவிடுங்கள். மறந்தால் வீடு போன பிறகும் உங்கள் செய்திகள் அங்கே விழுந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று. கடையில் உருவாக்கித் தந்த ஜிமெயில் என்றால், மீட்பு இலக்கமாகக் கடையின் இலக்கம் கிடக்கிறதா பாருங்கள். கூகுள் கணக்கில், செக்கியூரிட்டி பகுதியில், 'ரிக்கவரி போன்'. அது கடையின் இலக்கமாக இருந்தால் உங்கள் இலக்கத்தைப் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கொப்பியில் எல்லாருடைய கடவுச்சொல்லையும் எழுதிவைக்கும் கடைகளும் உண்டு. அவர்கள் உதவிக்காகத்தான் எழுதுகிறார்கள்; கொப்பிக்கு அது தெரியாது.

போனில் நாள் முழுக்க "வைரஸ் 13 பிடித்துவிட்டது", "பரிசு விழுந்திருக்கு" என்று மேலே வந்துகொண்டே இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவும் இந்தப் போனில்தான். போனை ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள்.
– கிளிநொச்சி

ரீசெட் வேண்டாம் ரீச்சர். அது வைரஸ் அல்ல, எங்கோ ஒரு தளம் "நொட்டிபிகேஷன் அனுப்பவா?" என்று கேட்டபோது 'அலவ்' அழுத்துப்பட்டிருக்கிறது. படம் பார்க்க, பாட்டு இறக்க, "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்கும் தளங்களின் வேலை இது.

அடுத்த முறை வரும்போது அந்த அறிவிப்பில் 'குரோம்' என்று சிறிதாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும்; பெயர் தெரியாத ஒவ்வொன்றையும் தட்டி மறியுங்கள். மேலே உள்ள ஆளியையே நிறுத்தினால் இனி எந்தத் தளமும் கேட்காது. பிரவுசருக்கு வரும் அறிவிப்பால் யாருக்கும் பெரிய நன்மை இல்லை, நிறுத்தியே விடுங்கள். வட்ஸ்அப்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

அறிவிப்பில் குரோமின் பெயர் இல்லாமல் வேறு செயலியின் பெயர் இருந்தால், டோர்ச், கிளீனர் என்று போட்ட ஏதோ ஒன்றுதான். அறிவிப்பை நீளமாக அழுத்தினால் பெயர் வரும். அதைக் கழற்றுங்கள்.

எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான். ரீலோட் போட்டாலும் டேட்டா பறக்கிறது. ஒபேரா மினி, யூசி இரண்டில் எது நல்லது?
– நெடுங்கேணி

யூசியை விடுங்கள். இருப்பிடம், தேடல் சொற்கள், போனின் அடையாள இலக்கம் ஆகியவற்றைப் போதிய பூட்டு இல்லாமல் அனுப்புகிறது என்று கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிற்றிசன் லாப் என்ற ஆய்வுக்கூடம் 2015இலேயே கண்டறிந்தது.

ஒபேரா மினியின் 'எக்ஸ்ட்ரீம்' முறை உண்மையிலேயே டேட்டாவை மிச்சப்படுத்தும். பக்கம் முதலில் ஒபேராவின் சேர்வருக்குப் போய், அங்கே சுருக்கப்பட்டு உங்களிடம் வருகிறது. அதாவது இடையில் ஒருவர் உறையைப் பிரித்து, வாசித்து, மறுபடி ஒட்டி அனுப்புகிறார். கிரிக்கெட் ஸ்கோருக்கும் செய்திக்கும் அது பரவாயில்லை. வங்கி, மின்னஞ்சல், ஓ.ரி.பி. கேட்கும் எதையும் அதில் திறக்காதீர்கள். குரோமிலும் 'லைட் மோட்' என்று இப்படி ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்புகளை வைத்துத் தேடிக் களைக்கவேண்டாம்.

எங்கள் தெரிவு அன்ட்ரொய்டில் பயர்பொக்ஸும், பிரவுசரோடு கூட்டிப் போடும் 'யூபிளொக் ஒரிஜின்' என்ற விளம்பர மறிப்பு நீட்சியும். மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் அடையாளம். விளம்பரமும் தானாக ஓடும் வீடியோ விளம்பரமும் இறங்குவதற்கு முன்பே மறிபடுவதால் அவற்றின் டேட்டா மிச்சம். இங்கே பிரைவசியும் காசும் ஒரே பக்கம் நிற்கின்றன, அப்படி அமைவது குறைவு. போனுக்கான குரோமில் நீட்சியே போடமுடியாது. கணினிக் குரோமிலும் புதிய விதிகளால் இந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது ஓடாது, 'லைட்' வடிவம் மட்டும்தான்.

போனின் ராம் 2 ஜிபி என்றால் பயர்பொக்ஸ் இழுபடும். அப்போது பிரேவ். எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்காமல், போனின் செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' திறந்து ஒரு கிழமை ஒன்றையும் மறு கிழமை மற்றதையும் பாவித்து இரண்டு இலக்கங்களையும் ஒப்பிடுங்கள்.

எனக்கும் ஏ.எல். படிக்கும் மகளுக்கும் ஒரே போன். அவள் தேடுவது எனக்கும், நான் தேடுவது அவளுக்கும் தெரியாமல் வைக்க வழி உண்டா? ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும்.
– புதுக்குடியிருப்பு

அந்த 'ஆனாலும்' போதும் அம்மா, காரணம் சொல்லத் தேவையில்லை.

மகளுக்கு ஒரு பிரவுசர், உங்களுக்கு ஒன்று. கூகுள் கணக்கும் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரே கணக்கு என்றால் ஒருவர் தேடியது மற்றவரின் தேடல் பெட்டியில் பரிந்துரையாக வந்து நிற்கும். வருத்தம், மருந்து போன்றவற்றைத் தேட 'பயர்பொக்ஸ் ஃபோகஸ்' நல்லது. குப்பைத்தொட்டி அடையாளத்தை அழுத்தினால் எல்லாம் போய்விடும். குரோமின் இன்கொக்னிட்டோவைத் திறந்தபடி விட்டு எழும்புபவர்கள், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டியில் 'லொக் இன்கொக்னிட்டோ டாப்ஸ்' ஆளியைப் போடலாம். ஆனால் அந்தப் பூட்டு போனின் பூட்டுத்தான். பின் இலக்கம் இருவருக்கும் தெரிந்தால் இருவருக்கும் திறக்கும். சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே. வங்கியின் கடவுச்சொல்லை மட்டும் எந்தப் பிரவுசரிலும் சேமிக்காமல் விடுங்கள். சில போன்களில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் 'மல்டிபிள் யூசர்ஸ்' இருக்கும். இருந்தால் அதுவே திறம். வீட்டுக்குள் இரண்டு அறை போல.

2022 ஏப்ரலில் பேஸ்புக்கை முடக்கியபோது போட்ட இலவச விபிஎன் இன்னும் போனில் இருக்கிறது. இருந்தால் பாதுகாப்புத்தானே?
– வவுனியா

கழற்றுங்கள். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று ஒவ்வொரு முடக்கத்தின்போதும் கைக்குக் கிடைத்ததைப் போட்டவர்கள் நிறையப்பேர். விபிஎன் என்பது உங்கள் இணையத்தை இன்னொருவரின் சேர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி. அது உங்கள் தடத்தை அழிப்பதில்லை. இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து எடுத்து விபிஎன்காரரின் கண்ணில் வைக்கிறது. இலவசமாகத் தருபவர் சேர்வருக்குக் காசு எங்கே எடுக்கிறார்? பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச விபிஎன், ஆட்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019இல் மூடினார்கள்.

செயலியைக் கழற்றிய பிறகு, செட்டிங்ஸின் நெட்வேர்க் பகுதியில் விபிஎன் பட்டியலையும் பாருங்கள். அங்கே பெயர் மிஞ்சியிருந்தால் அதையும் நீக்குங்கள். போனின் மேல்பட்டையில் திறப்பு அடையாளம் தெரிந்தால் ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது.

எங்கள் கழகத்தின் பழைய கணினியில் விண்டோஸ் 7. குரோம் "இனிப் புதுப்பிக்க முடியாது" என்கிறது. எந்தப் பிரவுசர் போடலாம்?
– மாங்குளம்

விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்த குரோம், 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. அது இன்னும் திறக்கும், ஆனால் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கப்போவதில்லை. பயர்பொக்ஸின் 115 ஈ.எஸ்.ஆர். பதிப்பு அதைவிட நீண்டகாலம் திருத்தம் பெற்றது. ஆனால் அடியில் உள்ள விண்டோஸே கைவிடப்பட்டது என்பதால் அதையும் இடைக்கால ஏற்பாடாகவே கொள்ளுங்கள். ராம் 4 ஜிபியும் வட்டில் 20 ஜிபி இடமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் போடலாம்; இலவசம், பயர்பொக்ஸ் கூடவே வரும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு வைபையும் பிரின்டரும் பிடிக்கிறதா பார்த்த பிறகு நிறுவுங்கள். பிரின்டர் பிடிக்காவிட்டால் கழகத்துக்கு அந்தக் கணினியால் பயனில்லை.

டக்டக்கோவில் தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லையே?
– துணுக்காய்

அதன் விடைகளில் பெரும்பகுதி மைக்ரோசொப்ட்டின் பிங்கிலிருந்து வருபவை, தமிழில் அங்கே சரக்குக் குறைவு. டக்டக்கோவையே வழமையான தேடுபொறியாக வைத்துக்கொண்டு, தேடும் சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியும் ஆங்கில ஜி எழுத்தும் ஓர் இடைவெளியும் போடுங்கள். அந்த ஒரு தேடல் மட்டும் கூகுளுக்குப் போகும்.